செயலிகளின் ஐந்திணை: விடுதி மாணவரின் கால மேலாண்மை குறித்து ஓர் ஆய்வு

ஸ்டடி ஹாலிடேஸில் பொறியியல் கல்லூரி விடுதிகளில் நடப்பது படிப்பு என்றே பெற்றோர் நம்பிவருகின்றனர். இவ்வாய்வு அதை மறுக்கிறது. அங்கே நடப்பது அட்டவணை போடுதல். மாணவருக்கும் கால மேலாண்மைச் செயலிக்கும் உள்ள உறவு அகத்திணையின்பாற்பட்டது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்பொருளில் நிலம், விடுதிக் கட்டில். பொழுது, விடுமுறையின் முதல் இரவு. கருப்பொருள்: நீள ஒயர் சார்ஜர், மெஸ் டீ, சீனியர் விட்டுப்போன ஜெராக்ஸ் நோட்ஸ்.

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல், பொழுது யாமம். பொருத்தம் வியக்கத்தக்கது, ஏனெனில் செயலிகள் இறக்கப்படுவது நள்ளிரவில்தான். நோஷன், டுடூயிஸ்ட், கூகுள் காலண்டர் மூன்றும் ஒரே இரவில் வந்திறங்குகின்றன. மேத்ஸுக்கு நீலம், சிக்னல்ஸுக்குப் பச்சை, அரியர் பேப்பருக்கு மட்டும் சிவப்பு. யூனிட்டுக்கு இரண்டு மணி நேரம் என ஐந்து யூனிட்டும் பெட்டிகளில் அடங்கியதும் மாணவர் மனநிறைவோடு தூங்கப்போகிறார். புத்தகம் இன்னும் பையில்தான் இருக்கிறது.

இந்த நிறைவுக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. முடிக்காத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதை எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அரிப்பு அடங்கிவிடுகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-இல் சோதனைகளால் காட்டினர். வேலையைச் செய்திருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. நம் மாணவர்கள் இதைச் சோதனைக்கூடம் இல்லாமலே கண்டுபிடித்திருந்தனர்.

மருதம்: வைகறையில் ஊடல். நான்கு மணிக்கு அலாரம் அடிக்கிறது. ஐஃபோனின் வழக்கமான ஸ்னூஸ் இடைவெளி 9 நிமிடம். ஆகவே ஐந்து மணிக்குள் ஆறு முறை ஊடலாம். வைத்தவர் புரண்டு படுக்க, வைக்காத ரூம்மேட் எழுந்து உட்கார்ந்து படித்துத் தேறிவிடுவதும் உண்டு.

முல்லையின் நிலம் காடு என்பதால் ஃபாரஸ்ட் செயலியை இங்கே வைப்பதே முறை. தைவானில் உருவான இச்செயலியில் விதை ஊன்றிவிட்டுக் கைபேசியைத் தொடாமல் ஆற்றியிருந்தால் மரம் வளரும். நடுவில் வாட்ஸ்அப்புக்குப் போனால் பட்டுப்போகும். இவ்வகைக் காத்திருப்புக்கு முன்னோடி பிரான்செஸ்கோ சிரில்லோ. 1980-களின் இறுதியில் இத்தாலியில் மாணவராக இருந்தவர், தக்காளி வடிவச் சமையலறை டைமரைத் திருகி வைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை வகுத்தார். இன்று அந்த டைமர் கைபேசிக்குள் குடியேறிவிட்டது. ஆய்வாளர் கருத்தில் இதுவே பெரும்பிழை. தக்காளியில் ரீல்ஸ் வராது.

நெய்தலின் இரங்கல் நான்காம் நாள் தொடங்குகிறது. டுடூயிஸ்டில் தவறிய வேலைகள் சிவப்பில் குவிந்திருக்கும். கட்டைவிரல் ‘ரீஷெட்யூல்’ பொத்தானைத் தேடிப்போகிறது. ஒரே அழுத்தில் அத்தனையும் நாளைக்கு நகர, சிவப்பு மறைகிறது. கங்கையில் முழுகினாலும் பாவம் இவ்வளவு விரைவாகப் போகாது. திட்டமிட்ட நாளில் வேலை முடியாமல் போவதற்கும் சான்று உண்டு. பியூலரும் உடனாய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கனடா மாணவர்கள் தம் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாளாகும் என்றனர். எல்லாமே கோணலாகப் போனால்? 48.6 நாள் என்றனர். ஆனது 55.5 நாள்.

பாலைக்கு நண்பகலும் பிரிவும். ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வருகிறது. முதலில் அழிவது டுடூயிஸ்ட். அழித்த பின்னும் “உங்கள் வேலைகள் காத்திருக்கின்றன” என்று மின்னஞ்சல் வந்தால் அது கைக்கிளை.

இத்தனை பிரிவுக்கும் தப்பி நிற்பது வகுப்பின் வாட்ஸ்அப் குழு ஒன்றே. அதில் வண்ணமும் இல்லை, பெட்டியும் இல்லை. “மச்சி, நாளைக்கு எந்த யூனிட் முக்கியம்?” என்ற கேள்வியும், யாரோ வெளிச்சம் போதாமல் எடுத்த நோட்ஸ் படமும் மட்டுமே உண்டு. ஆனால் அதைத் திறந்தவர் பாடத்துக்கு அருகிலாவது போகிறார்.

காலண்டர் போட்டே தீருவேன் என்பவர்க்கு ஒரு பரிந்துரை: யூனிட்டுக்கு இரண்டு மணி நேரம் என்று போட்ட பெட்டியை மூன்றேகால் மணி நேரமாக நீட்டிப் போடுக. 33.9-க்கும் 55.5-க்கும் உள்ள விகிதம் அதுதான். டைமரை மட்டும் பாத்திரக்கடையில் வாங்குக.