கோரை பிடுங்கும் வேலை

எங்கள் அலுவலக வளாகத்துக்குள் முற்றம் ஒன்று திறந்தார்கள். ரிப்பன் வெட்டி, 'மருதம்' என்று பெயரும் வைத்தாயிற்று. உள்ளே மருத மரம் ஒன்றுகூட இல்லை. கொரியன் புல், வெள்ளைக் கூழாங்கல், ஐந்து பாட்டில் பாம். பனை மாநில மரம்தான். ஆனால் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நிற்க அதற்குத் தகுதி போதாது.

செட்டிநாட்டு வீடுகளில் முற்றம் வைத்தது வெயிலும் மழையும் உள்ளே இறங்கட்டும் என்று. கொட்டும் மழையை அண்டாவில் பிடித்தார்கள். இங்கே ஒரு சொட்டு உள்ளே வராதபடி கண்ணாடிக் கூரை போட்டுவிட்டு, புல்லுக்கு ஸ்பிரிங்க்ளர் வைத்திருக்கிறார்கள். குடையை விரித்துக்கொண்டு குளிக்கும் யோசனை எல்லாருக்கும் வந்துவிடாது. 2003இல் சட்டம் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டியும் உண்டு. அதன் மூடி மேல் பூந்தொட்டி.

தூவுகிற தண்ணீர்? சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் இதென்ன கேள்வி, லாரிதான். எந்த ஊர்க் கிணற்றிலோ நாற்றுக்குக் கிடந்த தண்ணீர் இங்கே கூழாங்கல்லைக் கழுவுகிறது. 2019 கோடையில் இதே சாலையில் சில கம்பெனிகள், தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியது. தண்ணீர் படுத்திருந்த இடத்தில் நாம் பாய் விரித்துவிட்டோம், அவ்வளவுதான். பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பில் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலுக்குப் போனது சுமார் 1,248 ஹெக்டேர். அதன் ஓரத்தில் பெருங்குடிக் குப்பை மேடு. எங்கள் வரவேற்பறையில் பசுமைக் கட்டடச் சான்றிதழ், தங்கச் சட்டத்தில்.

முற்றத்தில் தினமும் ஓர் அக்கா குத்துக்காலிட்டு, துருப்பிடித்த ஸ்க்ரூ டிரைவரால் புல்லைக் கிளறிக்கொண்டிருப்பார்.

"என்னக்கா எடுக்குறீங்க?"

"கோரை சார். மேல உருவினா கிழங்கு அடியில கெடக்கும். ரெண்டு நாள்ல திரும்ப எட்டிப் பாக்கும். ஏரி மண்ணுல்ல?"

விரலிடுக்கில் கறுப்பாக ஒரு கிழங்கைக் காட்டினார், மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. இந்த வளாகத்தில் உள்ளூர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி அதற்கு மட்டும்தான். அதைப் பிடுங்கத்தான் சம்பளம்.

ஒரு நாள் மத்தியானம் அவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். செக்யூரிட்டி ஓடி வந்தார். 'ஊழியர்கள் இளைப்பாற' என்று பலகை இருக்கிறது; அக்கா ஊழியர் இல்லையாம், 'வெண்டர் ஆள்'. அடித்தளத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் போய்ச் சாப்பிட்டார். பெஞ்ச் காலியாகவே கிடந்தது. நான் மூன்றாவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஏ.சி.யில்.

இன்று காலை எல்லாருக்கும் மெயில் வந்தது: களைக்கொல்லி அடிப்பதால் 'மருதம்' ஒரு வாரம் மூடப்படும். அக்காவை அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.