நடுமுதுகை மட்டும் அளக்காதே கண்ணு

இன்னா கண்ணு, ஜெர்மனி கிளம்பறியாமே? "மெட்ராஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஏறினா காலைல எட்டு மணிக்கு ஃபிராங்க்ஃபர்ட், ஆறே மணி நேரம்"னு டீக்கடையில அளந்துக்கினு இருந்தியாம். கேட்டவன் எல்லாம் வாயைப் பொளந்துக்கினு நின்னானாம்.

அந்த எட்டு மணி யார் ஊட்டு எட்டு மணி? குளிர்காலத்துல அவங்க கடிகாரம் நம்மளுதுக்கு நாலரை மணி நேரம் பின்னாடி. வெயில்காலத்துல மூணரை. குளிர்காலத்துல அங்க காலைல எட்டுன்னா நம்ம ஆம்பூர்ல மதியம் பன்னெண்டரை. பிரியாணி தேக்சா தம் உடைச்சு பாதி காலியாயிருக்கும். நீ குந்திக்கினு போனது பத்தரை மணி நேரம்டா. மீதி நாலரையை எவன் உனக்கு இனாமாக் குடுத்தான்? திரும்பி வர்றப்போ மொத்தமாப் பிடுங்கிக்குவான், பாரு.

உடனே போனை நீட்டுவே. சுமார் 7,600 கிலோமீட்டர், மணிக்கு 900 வேகம்னு. வகுத்துப் பாரு, எட்டரை மணிதான் வருது. மீதி ரெண்டு எங்க போச்சு? ஏறணும், எறங்கணும், சண்டை நடக்கிற நாட்டைச் சுத்திக்கினு போவணும். மேல உசரத்துல மேற்கேருந்து கிழக்கே காத்து வேற. போறப்போ மூஞ்சில அடிக்கும், வர்றப்போ முதுகுல தள்ளும். அதான் வர்றப்போ கொஞ்சம் சீக்கிரம் வந்துர்றது.

அது கெடக்கட்டும். பஜார்லயா ஏரோப்ளேன் ஏறப் போறே? அப்துல்லாபுரம் ஏர்போர்ட்டைக் காட்டாதே. ஜெர்மனி விமானம் எறங்குற ஓடுதளமா அது? மீனம்பாக்கம் போவணும், சுமார் 180 கிலோமீட்டர். பள்ளிகொண்டா டோலு, வாலாஜா டோலு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொரு டோலு. அங்க கம்பெனி பஸ்ஸுங்க வுடுற நேரத்துல மாட்டினே, தீர்ந்துது கதை. நாலு மணி நேரம் வெச்சுக்கோ. பொட்டி போட, முத்திரை குத்த மூணு மணி நேரம் முன்னாடியே நிக்கணும். எறங்கின ஊர்லயும் வரிசைதான். கூட்டிப் பாரு, இருபது மணி நேரம் தொட்டுரும்.

வவுறு, காலு, ஓரம் எல்லாம் தள்ளிட்டு நடுமுதுகை மட்டும் அளந்து தோல் வாங்க வர்ற கில்லாடி மாதிரி இருக்குது உன் கணக்கு. அவனுக்கு லாபம். உனக்கு இன்னாடா லாபம்?

இங்க தைக்கிற ஷூவைக் கேளு, அது சொல்லும் தூரத்தை. டப்பாவுல ஏறி, கப்பல்ல சூயஸ் கால்வாய் வழியாப் போய்க்கினு இருந்துது. 2023 கடைசியில செங்கடல்ல கப்பலுங்களை அடிக்க ஆரம்பிச்சதும் ஆப்பிரிக்காவையே சுத்திக்கினு போச்சு. பத்து நாளுக்கு மேல கூட ஆச்சு. அந்த ஊர்க்காரன் கால்ல அதுதான் ஏறுது. நீ ஆறு மணி நேரத்துல போவியாம், பெரிய இவன்!

போறதுதான் போறே, ஃபிராங்க்ஃபர்ட்டை ஒட்டி ஓஃபன்பாக்னு ஒரு ஊரு. தோலுக்குன்னே 1917லருந்து மியூசியம் வெச்சிருக்காங்க. பாத்துட்டு வா.

இன்னொண்ணு. டிக்கெட்டுல 15ஆம் தேதி ராத்திரி ரெண்டு மணின்னு போட்டிருக்கா? 15ஆம் தேதி பகல்ல துண்ணுட்டுத் தூங்கி எழுந்து, சாவகாசமாப் போனா ஏரோப்ளேன் இருக்காது. 14ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கே ஊட்டை வுட்டுக் கிளம்பு.