இன்ஜின் மாத்தப் போகிறவர்

காலை நாலரை மணிக்கு என் வீட்டு ஜன்னல் கம்பியில் சாவிக்கொத்து தட்டும் சத்தம் கேட்டால், குடமுருட்டிப் பாலத்து மேட்டிலிருந்து இறங்கிய பிக்அப் வண்டி பற்றவில்லை என்று பொருள். பற்றியிருந்தால் புகை வந்திருக்கும். இரண்டில் ஒன்று எனக்கு நிச்சயம்.

“மாப்ளே, ஒரு கை குடுங்க.”

ஒரு கை என்பது பேச்சுக்கு. இரண்டு கை, ஒரு தோள், போன வருடம் ஸ்கேன் எடுத்த என் இடுப்பு, அவ்வளவும் வேண்டும். டாக்டர் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். தள்ளக் கூடாது என்று சொல்லவில்லையே என்பது மாமாவின் வாதம். சீட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

பாலத்திலிருந்து இறங்கும் சரிவு சரியாக என் வாசலில் முடிகிறது. வீடு கட்டும்போது மேட்டுத் தண்ணீர் உள்ளே வருமா என்று பார்த்தேனே ஒழிய, மேட்டிலிருந்து மாமா வருவாரா என்று பார்க்கத் தவறிவிட்டேன். வாஸ்து பார்த்தவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா என் மனைவிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. வாழை இலைக்கட்டும் தாரும் ஏற்றுகிறவர். இன்ஜின் மாத்தப் போகிறார். 2019-இலிருந்து மாத்தப் போகிறார். ஆடியில் எதையும் தொடக் கூடாது. ஆவணியில் முகூர்த்தம், இலைக்கு அடிதடி, வண்டியை ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. ஐப்பசியில் மழை. மார்கழி ஆகாது. தையில் பொங்கல் தார். நடுவில் புரட்டாசி சும்மாதானே இருக்கிறது என்று ஒரு தரம் கேட்டுவிட்டேன். “முகூர்த்தமே இல்லாத மாசம் மாப்ளே, கையில காசுக்கு எங்க போறது?” என்றார்.

வண்டிக்கு என்ன கோளாறு என்று தெரியாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. ஏழாவது படிக்கும் பையன்கூடச் சொல்வான். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1890-களில் செய்து காட்டிய சூட்சுமத்தில் தீப்பொறியே கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதன்மேல் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். நசுக்குவதற்கு பிஸ்டனைச் சுற்றி ரிங் இறுக்கமாக இருக்க வேண்டும். மாமா வண்டியில் ரிங்கும் தேய்ந்து, அது உரசும் சிலிண்டர் போரும் தேய்ந்துவிட்டது. நசுங்க வேண்டிய காற்று பக்கவாட்டில் நழுவிக் கீழே போய்விடுகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் இட்லிப் பானை மாதிரி ஆவி வரும். ஸ்டார்ட்டர் மோட்டார் எத்தனை தரம் முக்கினாலும் காற்று சூடாவதற்குள் ஓடிவிடும். ஆனால் சரிவில் விட்டு, செகண்ட் கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், சக்கரம் இன்ஜினை இன்னும் வேகமாகச் சுற்றும். காற்றுக்கு நழுவ நேரம் இருக்காது. டுப், டுப்பென்று பிடித்துக்கொள்ளும்.

இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்த நாளில் மாமாவுக்கு இன்ஜின் கவலை போய்விட்டது. மேட்டுக் கவலை வந்துவிட்டது.

நீலகிரிக்காரராகப் பிறந்திருந்தால் பிரச்சினையே இல்லை. எங்கள் பக்கம் தோசைக்கல். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடலாம் என்று அது யோசிக்கும். அப்படிப்பட்ட சீமையில் ஒரு மனிதர் நாள் முழுவதும் சரிவு தேடி வாழ்கிறார். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரைக்கும் அவருக்கு உயிர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு, ஐந்து பாலம், பத்துச் சரிவு. தை மாதம் உலகமே தியாகராஜர் ஆராதனைக்காகத் திருவையாற்றுக்கு வரும்போது, மாமா ஐயாறு என்ற பெயருக்கே வேறு அர்த்தம் வைத்திருக்கிறார். “அஞ்சு தரம் நின்னாலும் அஞ்சு தரம் எடுத்துரலாம் மாப்ளே. இந்த வசதி எந்த ஊர்ல இருக்கு?”

டீ குடிப்பதும் சரிவில்தான். நல்ல டீக்கடை சமதரையில் இருந்தால் இன்ஜினை ஓடவிட்டபடியே குடிப்பார். டீயைவிட டீசல் விலை அதிகம் என்று சொன்னால், அதனால்தான் பாதி கிளாஸ் வாங்குகிறேன் என்பார். ஆற்றங்கரைப் படுகை, அரிசி ஆலையின் மூட்டை ஏற்றும் மேடை, ரயில்வே மேம்பாலத்தின் இரு புறமும், எந்தக் கல்யாண மண்டபத்தில் சாய்தளம் இருக்கிறது, எதில் படி மட்டும் இருக்கிறது, எல்லாம் மனப்பாடம். சாவு வீட்டுக்குக்கூட வண்டியை அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பாலத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, மாலையோடு வெயிலில் நடந்து வந்தார். நேற்றுவரை பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி சாவுக்கு இவர் பாதயாத்திரையாக வருகிறாரே என்று பார்த்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில், பையனுக்கு என்ன சம்பளம் என்று அத்தை கேட்டுக்கொண்டிருக்க, இவர் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே காலால் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. வேறு காரணம் சொன்னார்கள்.

சரித்திரத்தையும் விட்டுவைப்பதில்லை. கோச்செங்கட் சோழன் யானை ஏற முடியாதபடி எழுபது மாடக்கோயில்கள் கட்டினான் என்று சொல்வார்கள் அல்லவா, போன பிறவியில் சிலந்தியாக இருந்து யானையிடம் பட்ட பாட்டினால்? மாமாவுக்கு அந்த ராஜாவின்மேல் வருத்தம். “இவ்வளவு உசரம் கட்டினவன் ஒரு பக்கமாவது சரிச்சு விட்டிருக்கலாம். எல்லாம் படியா வெச்சுட்டான்.” பெரிய கோயில் விமானத்து உச்சிக் கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி இழுத்து ஏற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது எல்லோரும் ராஜராஜன் பெருமையில் முடிப்போம். மாமா பெருமூச்சு விட்டு, “அந்தச் சாரத்தை மட்டும் பிரிக்காம விட்டிருந்தா…” என்று நிறுத்திக்கொள்வார்.

மெக்கானிக்குகளிடம் காட்டாமல் இல்லை. முதலாமவர் ரிங் செட் மட்டும் மாற்றினால் ஒரு வருடம் தள்ளும் என்றார். இரண்டாமவர், போரே முட்டை வடிவமாகிவிட்டது, புது ரிங் போட்டால் காசுக்குக் கேடு. இறக்கி, லேத்தில் கொடுத்து லைனர் போட்டு, பிஸ்டன், பேரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் என்றார். மூன்றாமவர், அதற்குச் சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய இன்ஜின் வாங்கி மாட்டிவிடலாம், இரண்டு நாள் வேலை என்றார். நான்காமவர் வண்டியைச் சுற்றி வந்து, எடைக்குப் போடச் சொன்னார். நாலு பேரும் ஒரே வார்த்தை சொல்லட்டும், மறுநாளே மாத்திவிடுகிறேன் என்பது மாமாவின் நிபந்தனை. நானே நடுவில் அலைந்து மூன்று பேரை எண்பதாயிரத்துக்குச் சம்மதிக்க வைத்தேன். மாமா போய் ஐந்தாவது மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்.

பழைய இன்ஜின் வாங்கவும் பயம். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், பில் காட்ட வேண்டும், ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்பதெல்லாம் சரிதான். மாமாவின் பயம் அதுவல்ல. “யார் வண்டில ஓடினதோ. கொலை கேஸ்ல மாட்டின வண்டியா இருந்தா?”

இன்ஜினைத் தவிர மற்றதெல்லாம் மாற்றிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். புது பெயின்ட், புது தார்ப்பாய், சீட்டுக்கு வெல்வெட் உறை, நாலு ஊதுகுழல் ஹார்ன். பின்னால் ‘போதிய இடைவெளி விடவும்’ என்று மஞ்சளில் எழுதியிருக்கிறது. தள்ளுகிறவன் எப்படி விடுவது?

போன ஆவணியில் ஒரு மண்டபத்தில் இலைக்கட்டு இறக்கப் போனோம். சாய்தளம் உள்ள மண்டபம். சாவியைத் திருப்பி அணைத்தார். இன்ஜின் நிற்கவில்லை. சாவியையே உருவிக் கையில் வைத்துக்கொண்டார். அது இன்னும் குரல் உயர்த்தியது. ரிங் தேய்ந்தால் கீழே இருக்கும் ஆயில் ஆவியாகி, காற்று போகிற வழியாக மேலே ஏறிவிடும். பிறகு டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடும். நீலப் புகை பந்தலுக்குள் போனது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். தலைவாரி முடித்த பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். பெண் வீட்டில் டிராக்டர் ஓட்டுகிற ஒரு பெரியவர் இருந்தது யார் செய்த புண்ணியமோ. ஏர் ஃபில்டர் குழாயைப் பிடுங்கி, ஈரச்சாக்கை வைத்து அழுத்தி மூச்சை அடைத்தார். நின்றது. அந்த அமைதியில் மாமா என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

“சாவியே இல்லாம ஓடுது பாருங்க மாப்ளே. இந்த இன்ஜினைப் போய் மாத்தச் சொல்றீங்களே.”

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் ஆயில், லிட்டர் முந்நூறு ரூபாய். மாதம் 4,500. வருடம் 54,000. மெக்கானிக் கேட்ட எண்பதாயிரத்தை ஒன்றரை வருடத்துக்கொரு முறை புகையாக விட்டுக்கொண்டிருக்கிறார். தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கூட்டலைச் சரிபார்த்தார். தப்பில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார்: “இது தெரியாம செலவாகுது மாப்ளே. அது தெரிஞ்சு செலவாகும்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மனைவியிடமும் இல்லை. அவள் அவர் வீட்டுப் பெண்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை எல்லாம் சாலையில் குறுக்கே கிடந்தபோது, இதே வண்டியில் தண்ணீர்க் கேன்களும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு மாமா போனார். மரம் அறுக்கிறவர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து, நாலு நாள். யாரிடமும் வாடகை கேட்கவில்லை. இவருடைய வாழைத் தோப்பும் அதே காற்றில் சாய்ந்துதான் கிடந்தது. திரும்பி வந்துதான் அதைப் பார்த்தார். அந்த நாலு நாளில் ஏர் ஃபில்டர் மண்ணாகிப்போனதைக் கவனிக்காமல் ஓட்டினார். அப்போது உள்ளே போன மண்தான் போரை அரைத்தது என்று இரண்டாவது மெக்கானிக் சொன்னார். அதை மாமா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனால்தான் நானும் நாலரை மணிக்கு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுகிறேன்.

ஆனால் என் அம்மாவுக்கு 78 வயது. இழுப்பு உண்டு. வாசல் அறையில் படுத்துக்கொண்டிருந்தவளைப் பின்கட்டுக்கு மாற்றியிருக்கிறேன், காற்று வராத அறை. மாமா நின்று வண்டியை உறுமவிடும் அந்தப் பத்து நிமிஷமும் ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே இன்ஹேலரைத் தேடுகிறோம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்க வேண்டும், அதற்கு முந்தின வாரம் மட்டும் புது ஆயில், சுத்தமான ஃபில்டர், நாசில் சர்வீஸ் என்று வண்டி மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அந்த ஒரு வாரம் அம்மா வாசல் அறையில் தூங்குவாள். மீதி 51 வாரமும் அவள் மூச்சுக்கு யார் எஃப்.சி. கொடுப்பது? இதை மாமாவிடம் நேராகச் சொல்லியும் பார்த்தேன். வருத்தப்பட்டார், நிஜமாகவே. மறுநாள் அம்மாவுக்கு ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கொண்டுவந்ததும் அந்த வண்டியில்தான்.

போன வாரம் ஒரு செய்தி கொண்டுவந்தார். பாலத்தைப் பெரிதாகக் கட்டப் போகிறார்களாம், இன்னும் உயரமாக. நெடுஞ்சாலைக்காரர்கள் அளவெடுப்பதைத் தன் கண்ணால் பார்த்தாராம். “சரிவு உங்க வாசலைத் தாண்டிப் போயிடும் மாப்ளே. அப்புறம் உங்களுக்குத் தொந்தரவே இருக்காது. அதுவரைக்கும் இந்த இன்ஜின் தாங்காதா என்ன?”

ஆகவே தஞ்சை, கும்பகோணம், திருச்சி வட்டாரத்தில் நாலு சிலிண்டர், இரண்டரை லிட்டர் பிக்அப் இன்ஜின் நல்ல நிலையில், பில்லோடு, எந்த வழக்கிலும் மாட்டாததாக யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். எண்பதாயிரத்தை நான் கொடுக்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாக மாட்டிவிட ஒரு மெக்கானிக்கும் சம்மதித்திருக்கிறார். மாமாவிடம் மட்டும் யாரும் அபிப்பிராயம் கேட்டுவிடாதீர்கள்.