அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: இணையத்தில் நூறு ரிங்கிட்டுக்கு '600 வாட்ஸ்' ஆம்ப்ளிஃபயர் விற்கிறார்கள். எங்கள் தாமான் பொங்கல் விழாவுக்கு நம்பி வாங்கலாமா? (வாசகர், ஸ்கூடாய், ஜொகூர்)

பதில்: வாங்குமுன் கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். '12 வோல்ட், 5 ஆம்பியர்' என்றிருந்தால் பெருக்குங்கள்: 60 வாட்ஸ். உள்ளே போவதே அறுபது. அறுநூறு எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! அந்த 12 வோல்ட்டை அப்படியே பயன்படுத்தும் ஆம்ப், 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் தருவது பக்கத்துக்கு 9 வாட்ஸ்கூடத் தேறாது. விளம்பர எண் பெரும்பாலும் பிஎம்பிஓ, கண்சிமிட்டும் நேரத்து உச்சக் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ்: எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு என்றும் சேர்த்துக் கேளுங்கள். இந்தப் புளுகு தாங்காமல்தான் அமெரிக்கா 1974லேயே ஆம்ப்ளிஃபயர் வாட்ஸ் விளம்பரத்துக்குத் தனி விதி போட்டது.

ஆனாலும் சின்ன ஆம்ப் மோசமில்லை. வாட்ஸ் இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். ஆகவே வீட்டு வரவேற்பறைக்கு அந்த ஒன்பதே தாராளம். திடலில் பொங்கல் வைப்பதென்றால் மட்டும், அந்த நூறு ரிங்கிட்டோடு இன்னும் கொஞ்சம் வசூலித்து, நல்ல ஒலிபெருக்கி செட்டை வாடகைக்கு எடுங்கள்.