குளிப்பு இல்லாத வருஷம்

என் அத்தான் ப்ராசஸர் வாங்கப் போகிறார். 2019-லிருந்து போய்க்கொண்டிருக்கிறார்.

தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் அவருக்கு வேலை. பகலெல்லாம் வ.உ.சி. துறைமுகத்துக்கும் ஆபீசுக்குமாக பில் ஆஃப் என்ட்ரியைத் தூக்கிக்கொண்டு கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அலைவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, காபியைக் குடித்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து கன்டெய்னர் லாரி ஓட்டுவார். யூரோ டிரக் சிமுலேட்டர் என்று ஒரு விளையாட்டு. சரக்கு ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றலாம்.

"எலே மாப்ள, இங்க கேட்டுல லாரி நகர மாட்டேங்கு. அங்க ராட்டர்டாம் துறைமுகத்துல லாரி நகருது, ஃபிரேம் நகர மாட்டேங்கு. ரெண்டு எடத்துலயும் எனக்கு நெரிசல்தான் எழுதிருக்கு."

குறையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். அந்த விளையாட்டு பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் பாரத்தை ஏற்றும். அத்தானிடம் இருப்பது 2018-இல் வந்த ரைசன் 5 2600. ஆறு கோரில் ஒன்று மூச்சு வாங்கும், மற்ற ஐந்தும் நிழலில் நின்று பார்க்கும். இதை அவர் விளக்கும்போது, தன் ஆபீஸைப் பற்றித்தான் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

இந்த ரகத்து ஆட்கள் ஊரில் நிறைய உண்டு. போட் எஞ்சினுக்கு ஒருவர், பழைய புல்லட்டுக்கு ஒருவர், கேமிங் கம்ப்யூட்டருக்கு எங்கள் அத்தான். மாடல், விலை, குறை, நிறை எல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. கடைக்குப் போகும் வழி மட்டும் மறந்துபோகும். ராத்திரி பத்து மணிக்கு நைட் கிளப்பில் (வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம், எங்கள் ஊரில் ராத்திரி பரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர்) பொரித்த பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே தெருப் பையன்களுக்கு அத்தான் யோசனை சொல்வார். கேட்ட பையன்கள் மறுவாரமே வாங்கிவிடுவார்கள். அத்தான் அவர்கள் வீட்டுக்குப் போய், மாட்டிக் கொடுத்து, ஓட்டிப் பார்த்து, "கேஷ் மெமரி கொஞ்சம் கூட இருந்துருக்கலாம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வருவார்.

அவர் வாங்காத வரலாறு சுருக்கமாக இதுதான். 2019-இல் ரைசன் 5 3600 வந்தது. அடுத்தது வரட்டும் என்றார். 2020 கடைசியில் 5600எக்ஸ் வந்தது. விலை இறங்கட்டும் என்றார். 2022 ஏப்ரலில் விலை குறைந்த 5600-உம், 96 எம்.பி. கேஷ் வைத்த 5800எக்ஸ்3டி-யும் ஒரே மாதத்தில் வந்தன. எதை எடுப்பது என்று குழம்பினார். குழப்பம் தெளிவதற்குள் செப்டம்பரில் ஏ.எம்.5 சாக்கெட் வந்துவிட்டது. அதற்குப் போனால் போர்டும் மாற்ற வேண்டும், டி.டி.ஆர்.5 ரேமும் வாங்க வேண்டும். ப்ராசஸர் கேட்டவருக்குக் குடும்பமே சேர்ந்து வந்து நின்றது.

"5600 போதுமே அத்தான், உங்க பி450 போர்டுலயே உக்காருமே" என்றேன்.

"உக்காரும். பயாஸ் ஏத்தணும். ஏத்துற நேரத்துல கரண்ட் போச்சுன்னா?"

210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட் அனல் மின் நிலையம் வைத்திருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அவருக்குக் கரண்ட் மேல் நம்பிக்கை இல்லை. யு.பி.எஸ். வாங்கலாமே என்றால், அதற்குத் தனி ஆய்வு தொடங்கிவிடுவார்.

ஒருமுறை டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஒரு கடைவரை போனதும் உண்டு. "இது 8542-ல வருது. அடிப்படைச் சுங்கவரி சுழி. ஐ.ஜி.எஸ்.டி. பதினெட்டுதான். பெறகு எப்படி இந்த வெல?" என்று தொழில்முறையில் கேட்டார். கடைக்காரர் நிதானமாக, "அப்ப அண்ணாச்சி கப்பல்லயே எறக்கிக்கிடுங்க" என்றார்.

இவ்வளவு ஆராய்ந்தும் கைவிடுகிற இந்தப் பழக்கம் கடலோடு வந்தது என்பது என் கட்சி. அந்தக் காலத்தில் முத்துக்குளிப்புக்கு முன்னால் தொள்ளாயிரம் பார் போன்ற பார்களில் (சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளில்) மாதிரிச் சிப்பி எடுப்பார்கள். அதை அழுக வைத்து, அலசி, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் தேறும் என்று கணக்குப் பார்த்து, தேறாவிட்டால் அந்த வருஷம் குளிப்பு கிடையாது. குளிப்பு இல்லாத வருஷங்கள்தான் அதிகம். 1955-லிருந்து 1961 வரை தொடர்ந்து நடந்தது, அதோடு சரி. அதன் பிறகும் பார்களைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதை அத்தானிடம் சொன்னதும் குளிர்ந்துபோனார். "முத்தைத் துளை போட்ட பித்தளைப் பெட்டியில சலிச்சுத் தரம் பிரிப்பாங்கல்லா? சிப்பும் அப்படித்தாம்ல. 5600-உம் எட்டுக் கோர் அச்சுதான். ரெண்ட மூடிட்டு ஆறுன்னு விக்கான்." ரெண்டு கோர் மூடின சரக்கை வாங்க மனசு வராமல் மேலும் ஆறு மாதம் ஓடியது.

போன கோடையில்தான் அது நடந்தது. உப்புக்காற்றில் ஸ்க்ரூவெல்லாம் துருவேறியிருந்தது. தூசி தட்டலாம் என்று கூலரைப் பிடித்து நேராக மேலே இழுத்தார். பேஸ்ட் இறுகிப்போய்க் கிடந்ததால் ப்ராசஸரும் பூட்டியபடியே கூடவே பிடுங்கிக்கொண்டு வந்தது. அடியில் 1331 கால்கள். ஒரு வரிசை நாணல் மாதிரி சாய்ந்திருந்தது.

அத்தான் பேசவில்லை. முத்துக்குளிக்கிறவர் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார், அக்கா தாலிக்குப் பயந்து அவன் ஒழுங்காக இழுப்பான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அன்றைக்கு என் கையில் செல்போன் டார்ச். அவர் ஏ.டி.எம். கார்டின் விளிம்பைக் கால்களுக்கு நடுவே விட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். இரண்டு மணி நேரம். மின்விசிறியைப் போட விடவில்லை. அக்கா வாசல்படியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ப்ராசஸருக்காக இந்த மனுசன் கார்டை வெளிய எடுத்தது இதான் முதத்தடவ."

மாட்டினோம். ஓடியது. தூசி போன தெம்பில் ராட்டர்டாமில் ரெண்டு ஃபிரேம் கூடவே வந்தது. "இன்னும் ஒரு வருஷம் தாங்கும்ல" என்றார் அத்தான்; முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அத்தானுடையதைப் போன்ற ஏ.எம்.4 போர்டிலிருந்து புதிய சாக்கெட்டுக்கு மாறிய வாசகர்கள் யாராவது, கழற்றிய 5600-ஐ அலமாரியில் போட்டு வைத்திருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். கால் வளையாமல் இருக்க வேண்டும். விலையை என்னிடம் மட்டும் பேசுங்கள். அத்தான் காதுக்குப் போக வேண்டாம்.