கல்லுக்குள்ள கறி தேடுற பேரனுக்கு

வாய்யா பேராண்டி, வா. கல்லை மெதுவா வை, திண்ணை பேந்துரும்.

சிறுமலை அடிவாரத்துக் குவாரியில கிடைச்சதுன்னு நீ தூக்கிட்டு வந்திருக்கிற கல்லை நானும் பார்த்துட்டேன். கறுப்பும் வெளுப்புமா வரி ஓடுது, ஒரு ஓரம் வளைஞ்சிருக்கு. அது ஐம்பது கோடி வருசத்துக்கு முந்திக் கடல்ல வேட்டையாடித் திரிஞ்ச அனோமலோகேரிஸோட கைங்கிறே. போட்டோவும் போட்டுட்டே. மூணு பேரு ‘சூப்பர் ப்ரோ’ன்னு எழுதியும் விட்டாங்க. இதுக்கு மேல அதைக் கைன்னு ஒத்துக்கிறதை விட்டா இந்தக் கிழவனுக்கு வேற வழி இருக்கா என்ன?

கைன்னா கைதான் சாமி. சின்னதா ஒரு சந்தேகம், அம்புட்டுத்தான். அந்தப் பிராணி கடல்ல நீந்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சுமார் 55 கோடி வருசத்துக்கு முந்தி, நம்ம கொடைக்கானல் மலை, சிறுமலைப் பாறையெல்லாம் பூமிக்கடியில பல மைல் ஆழத்துல கிடந்து வெந்துச்சு. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, அண்டார்டிகா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டி ஒரே கண்டமா ஒட்டிக்கிட்ட காலம் அது. கெங்குவார்பட்டிப் பக்கத்துப் பாறையைச் சோதிச்சவங்க சூடு 900 டிகிரியைத் தாண்டியிருக்குன்னு எழுதி வச்சிருக்காங்க. அம்புட்டுச் சூட்டுலயும் ஒரு பிராணி கையை மடக்கிக்கிட்டு அழகாப் படுத்திருந்துச்சுன்னா, அதுக்குக் கடல் மேல ஆசையே இல்லைன்னு அர்த்தம். நீ பார்த்த வரி, வெக்கையிலயும் அழுத்தத்துலயும் கனிமம் தனித்தனியாப் பிரிஞ்சு ஓடுனது. வளைவு, பாறை இளகி மடிஞ்சது.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. நீ செஞ்ச காரியத்தைப் பெரிய பெரிய துரைமாரே செஞ்சிருக்காக. அதுவும் இதே பிராணியை வச்சு. கேக்குறியா?

கனடாவுல ஸ்டீபன் மலைன்னு ஒண்ணு. அங்க கிடைச்ச கல்லைப் பார்த்து 1892-ல வைட்டீவ்ஸ்ங்கிறவர் இறால்னு பேர் வச்சார். ஒரு இறாலுக்கும் தலை இல்லை. எத்தனை கல்லை உடைச்சாலும் முண்டம்தான். அந்த ஊர் இறாலெல்லாம் தலையை எங்க வச்சிட்டு வந்து செத்துச்சுன்னு ஒருத்தருக்கும் உறைக்கலை. அப்புறம் 1909-ல வால்காட்னு ஒரு அமெரிக்க துரை, அமெரிக்காவோட பெரிய மியூசியத்துக்கெல்லாம் தலைவர், பக்கத்துலயே பர்ஜெஸ் பாறையைக் கண்டுபிடிச்சார். நடுவுல ஓட்டை போட்ட வட்டம் ஒண்ணு கிடைச்சது. 1911-ல அதை ஜெல்லி மீன்னு எழுதுனார். நசுங்கிப்போன உடம்பு ஒண்ணு கிடைச்சது, அதைக் கடல் வெள்ளரின்னார். 1978-ல இன்னொரு விஞ்ஞானி வந்து, அது வெள்ளரி இல்லய்யா, கடற்பஞ்சு, அது மேல ஜெல்லி மீன் செத்து விழுந்து ஒட்டிக்கிச்சுன்னு பஞ்சாயத்துப் பேசுனார்.

ஞாயித்துக்கிழமை காலையில நம்ம கறிக்கடைத் தெருவுக்குப் போயிருக்கியா? ஒரு கடையில தலை, ஒரு கடையில கால், ஒரு கடையில குடல். பிறந்ததுல இருந்து ஆட்டையே பார்க்காத ஒருத்தன் வந்து மூணு கடையிலயும் வாங்கிட்டுப் போய், மூணு உசுருக்கு மூணு பேர் வச்சு ஊருக்கெல்லாம் சொன்னா எப்படி இருக்கும்? தொண்ணூறு வருசம் நடந்த கூத்து அதுதான். 1979-லதான் பிரிக்ஸ்ங்கிறவரு, இது முழு இறால் இல்லை, ஏதோ பெரிய பிராணியோட கைன்னு சொன்னார். அதுக்கு மேல கேம்பிரிட்ஜ்ல விட்டிங்டன் ஒரு கல்லைச் சின்ன உளியால அடுக்கடுக்காப் பிரிச்சா, உள்ள இறாலும் இருக்கு, ஜெல்லி மீனும் இருக்கு. இறால்னது கை. ஜெல்லி மீன்னது வாய். ரெண்டும் ஒரே உடம்புல! 1985-ல ரெண்டு பேருமா எழுதி ஆட்டை ஒண்ணு சேர்த்தாக.

ஊர் கைதட்டி முடிஞ்சதா? அதுவும் இல்லை. 2012-ல இன்னொரு ஆராய்ச்சி: அனோமலோகேரிஸுக்கு ஒட்டி வச்ச அந்த வட்ட வாய் அதோடதே இல்லை, பங்காளியோட வாய். பங்காளி பேரு பெய்டோயா. அவன் வாயில 32 தகடு, அதுல நாலு பெருசு. இவன் வாயில பெரிய தகடு மூணுதான். இத்தனை வருசம் புத்தகத்துல எல்லாம் அடுத்தவன் வாயை வச்சுக்கிட்டே சிரிச்சிருக்கான் பயபுள்ள.

உன் வீடியோவையும் பார்த்தேன். பாட்டு நல்லா இருக்கு. ‘ஒரு மீட்டர் நீள அரக்கன், ஓட்டை நொறுக்கிக் கொன்னுபோடும்’னு குரலை உருட்டிப் பேசியிருக்கே. முதல்ல ஒரு மீட்டர்னுதான் சொன்னாங்க. இப்ப அளந்து பார்த்தவங்க கணக்குல அரை மீட்டர்கூடத் தேறலை, உன் முழங்கைக்குக் கீழ்தான். ஓடு நொறுக்குற சங்கதியும் ஆட்டம் கண்டுபோச்சு. ட்ரைலோபைட்னு அந்தக் காலத்து ஓட்டுப் பிராணி ஒண்ணு; அதோட கடிபட்ட ஓடு கிடைச்சப்பல்லாம் இவன் தலையிலதான் கட்டுனாங்க. 2023-ல கையைக் கம்ப்யூட்டர்ல வச்சு இழுத்து வளைச்சுப் பார்த்தா, அந்தக் கை ஓட்டைப் பிடிச்சா கைதான் முறியும்னு வந்திருக்கு. மெத்துமெத்துன்னு நீந்திப் போறதை விரட்டிப் பிடிச்சுத் தின்ன ஆளுதான் போலிருக்கு. உன் அரக்கனுக்குப் பல் கூச்சம் அப்பு. அதுக்காக அவன் தொழில்ல மட்டம்னு நினைச்சிராதே. அந்தக் காலத்துக் கடல்ல அவன்தான் பெரிய வேட்டைக்காரன்.

கண்ணு விஷயத்துல நீ சொன்னது கம்மி. ஆஸ்திரேலியாவுல கங்காரு தீவுல கிடைச்ச கண்ணுக்கல்லை 2011-ல எழுதுனாங்க. ஒரு கண்ணுல 16,000-க்கு மேல சின்னச் சின்ன லென்ஸ். ஈயெல்லாம் கிட்டக்கூட வராது. நீயோ ரெண்டு லென்ஸுக்குக் கண்ணாடிக்கடையில காசு கொடுத்துப்புட்டு, கல்லுல வரி எது, கை எதுன்னு தெரியாம நிக்கிறே.

‘நம்ம ஊர்க்காரன் பேரும் ஒரு பிராணிக்கு இருக்கணும் தாத்தா’ன்னியே, அது மட்டும் எனக்குப் பிடிச்சுது. இருக்கக்கூடாதுன்னு எவன் சொன்னான்? மொராக்கோவுல முகமது பென் மூலான்னு ஒரு உள்ளூர் ஆளு, கல்லுல உசுர் தேடுறதே சோலி. அவர் எடுத்துக் கொடுத்த கல்லுல இருந்த பிராணிக்கு 2015-ல ஏகிரோகேசிஸ் பென்மூலைன்னு அவர் பேரையே வச்சாங்க. இவனும் அந்தப் பங்காளிக் கூட்டம்தான், 48 கோடி வருசத்துக்கு முந்தினவன், ரெண்டு மீட்டர் நீளம். அம்புட்டுப் பெரிய உடம்பை வச்சுக்கிட்டு எவனையும் கடிக்கலை, தண்ணியை வடிகட்டித் தூசுதும்பு தின்னு வாழ்ந்திருக்கான். உடம்பைப் பார்த்துக் குணம் சொல்றவங்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். இவன் பக்கவாட்டுத் துடுப்பு ரெண்டு வரிசையாத் தெளிவா இருந்ததை வச்சுத்தான் மத்த பங்காளி உடம்பையும் திரும்பப் பார்த்தாங்க. அந்தக் கூட்டம் வாரிசில்லாமப் பட்டுப்போச்சு. ஆனா நண்டு, தேளு, நம்ம அடுப்படிக் கரப்பான் வரைக்கும் தாயாதி முறை உண்டு.

பென் மூலாவுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்னா, அவர் கடல் சேறு கல்லான இடத்துல தேடுனார். நீ அடுப்புல தேடுறே. அப்புறம், வைட்டீவ்ஸ் தப்பாச் சொன்னார், வால்காட் தப்பாச் சொன்னார், ஆனா எந்த மலை, எந்த அடுக்குன்னு குறிச்சுப் பத்திரமா வச்சாங்கல்ல, அதனாலதான் பின்னாடி வந்தவன் திறந்து பார்த்துத் திருத்த முடிஞ்சுது. நீ குவாரியில எந்த மூலையில எடுத்தேன்னு கேட்டா, ‘அங்குட்டு எங்கயோ’ங்கிறே. பேரை எப்ப வேணா மாத்தலாம்டா, எடத்தை எங்க போய்த் தேடுறது?

அந்தக் காலத்துக் கடல் உசுர்தான் வேணும்னா இமாசலத்துக்கு ரயில் ஏறு. ஸ்பிட்டியில பராஹியோ பள்ளத்தாக்குல ட்ரைலோபைட் கிடைக்குது. ரீட்ங்கிறவர் 1910-லயே அந்த ஊர்ச் சங்கதியைப் புத்தகமா எழுதிட்டார். அங்க குளிரும், உங்க ஆத்தா விடமாட்டா.

பக்கத்துலயே போதும்னா அரியலூர். இதைவிட ரொம்பப் பிந்தின கடல், 10 கோடி வருசத்துக்கு இங்குட்டு. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுற பூமி. வாரணவாசியில மியூசியமே இருக்கு. திருச்சி போய் மாறணும், சில்லறை எடுத்து வச்சுக்க. உள்ள போனதும் சுருள் சுருளா அம்மோனைட் வச்சிருப்பாங்க. அதைப் பார்த்துட்டு நத்தைன்னு அங்கயே நின்னு போஸ்ட் போட்டுறாதே ராசா, அது கணவாய் வகையறா.