வாய்தா இல்லாத ரவுடி

ஏல பேராண்டி, படம் எடுக்கப் போறியாமே. சந்தோசம். உங்க அப்பன் வந்து, ‘சித்தப்பா, பய இன்ஜினியரிங் படிச்சிட்டு ரவுடி படம் எடுக்கேன்னு நிக்கான், நீரு கொஞ்சம் புத்தி சொல்லும்’னு கண்ணைக் கசக்கினான். நல்ல தொழில்தாம்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். ரவுடிக்குக் கெடைக்காத காசு, ரவுடியைப் படம் எடுக்கிறவனுக்குக் கெடைக்கும்.

கதை வடசென்னையாம், அதுவும் ‘ரியலிஸ்டிக்’கா இருக்கணுமாம். அதுக்குத்தான் வியாசர்பாடியில மளிகைக்கடை போட்டு, தலை நெறைய முடியோட போயி வழுக்கையோட ஊர் திரும்பின இந்தச் சின்னத் தாத்தாகிட்ட வந்திருக்க. கேட்டுக்கோ. அண்ணாச்சி சொன்னா விசயம் சரியாத்தான் இருக்கும், எடைதான் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.

மொதல்ல ஒரு ட்ரோன் வாடகைக்கு எடு. ஹவுசிங் போர்டு மொட்டை மாடி, காயப்போட்ட துணி, தூரத்துல துறைமுகத்துக் கிரேன். ஒருத்தன் ஓடணும், நாலு பேரு தொரத்தணும். ஓடுறவன் கால்ல செருப்பு இருக்கப்படாது. அப்புறம் ஒரு சாவு. பறை, கானா, பட்டாசு. அந்தச் சாவு ஊர்வலத்துல எவனாவது எவனையாவது வெட்டியே தீரணும், இல்லேன்னா வடசென்னைன்னு ஒருத்தனும் நம்ப மாட்டான். அங்கன நான் போன சாவுலயும் சண்டை வந்திருக்கு. பூப்பல்லக்குக் காசு யாரு குடுக்கிறதுன்னு வந்த சண்டை. அதை எடுத்தா இன்டர்வெல் வராதே, விட்டுரு.

ஹீரோவுக்கு ரெண்டு கோட்டிங் கறுப்பு பூசு. ஹீரோயின் மும்பையிலேர்ந்து வரட்டும், அவளுக்கும் பூசு. பாஷையை டப்பிங்ல பாத்துக்கிடலாம். நீ லேப்டாப்புல போட்டுக் காட்டினியே பிரேசில் படம், ‘சிட்டி ஆஃப் காட்’, அதை எடுத்த கிறுக்கன் ரியோ நகரத்துச் சேரிப் பிள்ளைகளையே தேடிப் பிடிச்சு, பயிற்சி குடுத்து நடிக்க வச்சானாம். பவுடர்ச் செலவு மிச்சம். உனக்கு அந்த யோசனை வேண்டாம், புரொடியூசர் ஓடிப்போயிருவான்.

கத்தி விசயத்துல நம்ம சினிமாக்காரனைக் குத்தம் சொல்லவே முடியாது. எப்பிடி முதுகுல சொருகணும், எப்பிடி ஸ்கெட்ச் போடணும், எந்தச் சந்துல மடக்கணும், எல்லாம் அச்சுப் பிசகாம வச்சிருக்கான். 2018-ல பூந்தமல்லிப் பக்கம் மலையம்பாக்கத்துல ஒரு ரவுடி பொறந்தநாளுக்கு அருவாளால கேக் வெட்டி, போலீசு கூட்டத்தையே வளைச்சுப் பிடிச்சுதுல்லா? அதுக்குப் பொறவு கேக் வெட்டுற கத்தியே மாறிப்போச்சு. சினிமாவைப் பாத்து அவன் வெட்டினானா, அவனைப் பாத்து சினிமாக்காரன் வெட்டினானா, எனக்கு இன்னும் வெளங்கல. படத்துல எவனாவது பீடி பத்த வச்சா ஓரத்துல ஒடனே எச்சரிக்கை வருது. பட்டாக்கத்தி எடுத்தா ஒண்ணும் வரல, விசில்தான் வருது.

ஆனா கத்திக்காரன் மத்தியானம் என்ன சாப்பிட்டான், அந்தச் சோத்துக்கு யாரு காசு குடுத்தா? கடைக்காரனுக்கு அதுதான்ல மொதல்ல கண்ணுல படும். உங்க படத்துல மாமூல் வாங்க ஜீப்புல பத்து பேரு வருவான், தக்காளிக் கூடையை ஒதைப்பான், கெழவி ஒருத்தி கையெடுத்துக் கும்பிடுவா. எங்கடைக்கு வந்தவன் ரசீது நோட்டோட வந்தான். ஆடி மாசம்னா கூழ், ஆவணியில புள்ளையார், நடுவுல தலைவர் பொறந்தநாள், செத்தவனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர். ரசீதுல அம்மன் படம் போட்டு, நற்பணி மன்றம்னு அச்சடிச்சிருக்கும். ‘அண்ணாச்சி, உன்னால முடிஞ்சத எய்து’ம்பான். முடிஞ்சது எவ்வளவுன்னு அவனே சொல்லிருவான். அந்தக் காசை வாங்கி மடியில வச்சிட்டு, ரெண்டு சிகரெட்டும் ஒரு சோடாவும் எங்கிட்டயே கடனுக்கு வாங்கிட்டுப் போவான். ரசீதுக் காசு அவன் கையில நிக்காது. கஞ்சி போட்ட வெள்ளைச்சட்டை ஒண்ணு இருக்கும், அதுகிட்ட போயிச் சேரும். அவன் அந்தச் சட்டைக்குப் பின்னால பைக்குல போவான், பெட்ரோல் மட்டும் இலவசம்.

ஏரியாவையே கையில வச்சிருக்கான்னு பேப்பர்ல போட்ட ஒருத்தன் இருந்தான். அவன் பேர்ல எங்கடை நோட்டுல அரைக்கிலோ சீனி, கால் லிட்டர் எண்ணெய், ரெண்டு பாக்கெட் சேமியா. அடைச்சது யாரு தெரியுமா? அவன் அம்மா, காசிமேட்டுல ஏலத்துல மீன் எடுத்து, தெருத்தெருவா வித்து அடைச்சா.

அப்புறம் வாய்தா. இந்தச் சொல்லையே உங்க படத்துல நான் கேட்டதில்ல. சினிமாவுல கோர்ட்டுன்னா வாசல்ல வச்சு வெட்டுறதுக்கு. நெசத்துல கோர்ட்டுன்னா வராந்தாவுல நிக்கிறதுக்கு. ஜார்ஜ் டவுன் கோர்ட்டோ எழும்பூர் கோர்ட்டோ, காலையில போயி, பேரு கூப்பிடுற வரைக்கும் தூண்ல சாஞ்சு நின்னு, அடுத்த மாசத்துத் தேதியைக் கேட்டுக்கிட்டு, வக்கீலுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டு வரணும். அன்னிக்கு மூட்டை தூக்கின கூலி போச்சு. போகலேன்னா வாரண்டு. தேர்தல் வந்தா, பண்டிகை வந்தா, டெல்லியிலேர்ந்து பெரிய மனுசன் வந்தா, ஸ்டேஷன்ல பட்டியலைத் தூக்குவாவ. கூப்பிட்டு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குவாவ. அதுலயும் அடங்கலேன்னா குண்டாஸ். 1982-ல போட்ட சட்டம், ஒரு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம். அவன் அம்மா ரெண்டு பஸ் மாறி புழலுக்கு மனுப் போட்டுப் பாக்கப் போவா. அன்னிக்கு மீன் யாவாரம் கெடையாது. ‘இன்னா அண்ணாச்சி, கேஸு தள்ளிப்பூட்ச்சு, பாக்கி அடுத்த வாரம் தரேன்’னுட்டு, முந்தானையில முகத்தைத் தொடைச்சிட்டுப் போவா. இந்தப் பொம்பளையை நீ எடுக்க மாட்ட. உன் படத்துல அம்மா மொதப் பத்து நிமிசத்துலயே செத்திருவா, மவன் கத்தி எடுக்க ஒரு காரணம் வேணுமுல்லா?

சென்ட்ரல் பக்கத்துல இருந்த பழைய ஜெயிலை 2009-ல இடிச்சாச்சு. ஆனா சினிமாக்காரன் செட்டுப் போட்டு அதத் திரும்பத் திரும்பக் கட்டிக்கிட்டே இருக்கான். அரசாங்கம் வீடு கட்டுறதுல அந்த வேகத்தைக் காட்டியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

ஒண்ணுமே சரியில்லேன்னு சொல்லுதேன்னு நெனைக்காத. ‘மெட்ராஸ்’ 2014-ல வந்துதே, ரஞ்சித் எடுத்தது. ஒரு சுவருக்கு ரெண்டு கட்சிக்காரன் அடிச்சுக்கிடுவான், சாகுறது என்னமோ ஹவுசிங் போர்டுப் பய. அந்தச் சுவரை நான் வியாசர்பாடியில பாத்திருக்கேன், ஒண்ணா ரெண்டா? வெற்றிமாறன் 2018-ல எடுத்த ‘வடசென்னை’யிலயும், கத்திக்கு அடியில ஒரு ரோடு போடுற கணக்கு இருக்கு, மீனவன் வீட்டைக் காலி பண்ணுற கணக்கு இருக்கு. கெட்டிக்காரன். ஆனா அந்தப் படத்துக்கே, எங்களை இப்பிடியா காட்டுறதுன்னு மீனவ சனங்க கொதிச்சாவ. அவரு வருத்தம் தெரிவிச்சு, சில காட்சியைத் தூக்கினாரு. அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சவருக்கே அந்தக் கதி. நீ ட்ரோனை மேல விட்டுட்டு, கீழ நிக்கிறவன் சும்மா இருப்பான்னு நெனைச்சுராத.

அந்த ‘வடசென்னை’யில ஹீரோ கேரம் ஆடுற பய. ஜெயில்ல கேரம் போர்டை வச்சே கத்திக்குத்து. பிரமாதமா எடுத்திருந்தான், நானும் நுனி சீட்டுலதான் உக்காந்திருந்தேன். 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகப் போட்டியில மூணு தங்கம் வாங்கிட்டு வந்தா காசிமான்னு ஒரு பொண்ணு. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் மக. அதே ஏரியா, அதே போர்டு, அதே ஸ்டிரைக்கர். உங்கிட்ட இந்தக் கதையைக் குடுத்தா, ரெண்டாவது பாதியில அந்த ஆட்டோக்காரரை யாரு வெட்டுறதுன்னுதான் யோசிப்ப.

இதுல ஒரு விசயம் மட்டும் வெளையாட்டில்ல. நகரத்துக்குள்ள இருந்த குடிசையைப் பிச்சு, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் சனங்களைத் தூக்கிப் போட்டாவல்லா? அந்த அட்ரஸைச் சொன்னா வேலை குடுக்க யோசிக்கான், லோன் குடுக்க யோசிக்கான். பையன் இன்டர்வியூவுக்குப் போயி, சொந்தக்காரன் வீட்டு அட்ரஸை எழுதிட்டு வாரான். அந்த மேனேஜர் கண்ணகி நகருக்கு ஒரு தடவையும் போயிருக்க மாட்டான். தியேட்டருக்குப் போயிருப்பான்.

சரி, வில்லனைத் தட்டிக் கேக்குற கட்டத்துக்கு வா. நம்மாளுக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, ‘ரமணா’ மாதிரி, ‘அந்நியன்’ மாதிரி தானே போயித் தண்டனை குடுக்கணும். இல்லேன்னா காக்கிச்சட்டை போட்டுக்கிட்டு, கோர்ட்டையும் சேத்து இடுப்புல சொருகிக்கிடணும். ரெண்டுலயும் வாய்தா கெடையாது. சனங்களுக்கு அதுதான் பிடிக்கி. எனக்கும் பிடிக்கும், ஏன் பொய் சொல்லணும், வராந்தாவுல நின்னவனுக்குத்தான் அதோட ருசி தெரியும்.

ஆனா அந்தத் தண்டனை நெசத்துல யாரு கையில விழுதுன்னு பாரு. சென்னையில ஒரு சமயம், பிடிபட்டவன் பூராம் ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான். எல்லாவனும் ஒரே மாதிரி கையைத்தான் ஒடைச்சான். மாவுக்கட்டோட கும்பிட்டுக்கிட்டு வரிசையா போட்டோ. அந்த பாத்ரூம் தரையைப் போட்ட கொத்தனாரை ஒருத்தனும் தேடல. அத்தனை மாவுக்கட்டுல ஒண்ணாவது போயஸ் தோட்டத்துக் கையா? 2019-ல ஹைதராபாத் பக்கம் பிடிச்சு வச்சிருந்த நாலு பேரைச் சுட்டப்ப போலீசு மேல பூத் தூவினாவ. சுப்ரீம் கோர்ட்டு போட்ட கமிஷன் 2022-ல, அது வேணும்னே சுட்டதுன்னு எழுதிச்சு. தூவின பூவைப் பொறுக்க யாரும் போகல. என்கவுன்டர்ல ஆளு செத்தா வழக்குப் போடணும், வேற ஆளு விசாரிக்கணும், சந்தேகம் தீருமுன்ன பதக்கம் குடுக்கப்படாதுன்னு 2014-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. நீங்க சுட்ட மறுநிமிசமே மியூசிக் குடுத்திருதீங்க.

2020-ல சாத்தான்குளத்துல தகப்பனும் மவனும் போலீசு அடிச்சுச் செத்தாவ. நம்ம பக்கத்துச் சங்கதி, உனக்கே தெரியும். ‘சாமி’, ‘சிங்கம்’ எடுத்த ஹரி, போலீசைப் பெருமைப்படுத்தி அஞ்சு படம் எடுத்ததுக்கு வேதனைப்படுதேன்னு அப்ப அறிக்கை விட்டாரு. அஞ்சு படம் எடுத்த பொறவுன்னாலும் மனுசனுக்கு அது தோணிச்சு. 2024-ல ‘வேட்டையன்’ வந்துது. அவசரப்பட்டுச் சுட்டா நிரபராதி சாவான்னு படம் பூரா புத்தி சொல்லுது. ஆனா ரஜினி என்ட்ரியிலயே என்கவுன்டர். நம்மூரு தியேட்டர்ல விசில் எதுக்கு வந்துதுன்னு உனக்குத் தெரியாதாக்கும்? நீயும் அங்கனதான் பேப்பரைக் கிழிச்சு எறிஞ்சிக்கிட்டு நின்ன.

கடைசியா, நெசமான ரவுடி ஒருத்தன்கிட்ட பேசணும்னு நம்பர் கேட்டியே. ‘ஜிகர்தண்டா’ பாத்திருக்கேல்லா? ரவுடியைப் பாத்துக் கதை எழுதப் போன டைரக்டரை அந்த ரவுடி, என்னையே ஹீரோவாப் போடுன்னு மிரட்டுவான். அது உனக்குன்னே எடுத்த படம். இருந்தாலும் நம்பர் தாரேன். எங்கடையில பாக்கி வச்சவன்தான். இப்பம் கைவண்டியில இட்லி விக்கான். சட்டுனி நல்லாருக்கும், சாப்பிட்டுட்டுப் பேச்சைத் தொடங்கு. மொதக் கேள்வி அவன்தான் கேப்பான், ஹீரோ யாருன்னு. ரெண்டாவது, பேமென்ட் எவ்வளவுன்னு. எதுக்கும் போன் பண்ணிட்டுப் போ. வண்டி நிக்கலேன்னா, ஆளு தலைமறைவுன்னு நோட்டுல எழுதிக்கிட்டு ஓடி வந்துராத. அன்னிக்கு அவனுக்கு வாய்தாவா இருக்கும்.